எதிர்க்கடை பெஞ்சு

மெஸ் நடத்துகிறவனுக்கு யார் எத்தனை கரண்டி சோறு சாப்பிடுவார் என்பது தெரியும். அந்த ஆள் ராத்திரி ஏன் தூங்கவில்லை என்பது எதிர்த்த டீக்கடைக்காரனுக்குத்தான் தெரியும். எந்த ஊரில் கடை போட்டாலும் நம் தொழிலில் இந்த வயிற்றெரிச்சல் உண்டு. உங்களுக்கும் இருந்திருக்கும். எனக்கு இருந்தது கல்கத்தாவில், டாக்குரியா ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில். அந்த வயிற்றெரிச்சலுக்கு நிமாய் என்று பேர்.

இலையை மூடினால் எழுந்திரு

எழுபதுகளில் அந்தச் சந்தில் மெஸ் வைத்திருந்தேன். எனக்குக் கோவில்பட்டிப் பக்கம். படிப்பு ஐந்தாம் கிளாஸோடு சரி. சாப்பிட வருகிறவர்கள் இரண்டே தினுசுதான். காலேஜில் படிக்க வந்த நம்மூர்ப் பையன்கள், பென்ஷன் வாங்குகிற நம்மூர்ப் பெரியவர்கள். மத்தியானம் ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒரு ஆள் காத்து நிற்பார். அதனால் கடையில் ஒரே ஒரு சட்டம்: இலையை மூடினால் எழுந்துவிட வேண்டும்.

எழுந்தவர்கள் கையைக் கழுவிவிட்டு நேரே நிமாய் கடைக்குப் போவார்கள். ஒரு பெஞ்சு, ஒரு கரி அடுப்பு, அவ்வளவுதான் கடை. மண் கப்பில் ஒரு டீயை வாங்கிக்கொண்டு சாயங்காலம் வரை உட்காருவார்கள். வங்காளிகள் அதை 'அட்டா' என்பார்கள். வேலையில்லாமல் உட்கார்ந்து பேசுவதற்கு அந்த ஊரில் பேர் வைத்து மரியாதையும் கொடுத்திருக்கிறார்கள். என் சாம்பார் சாப்பிட்ட தெம்பில் அவனிடம் போய்ச் சிரிப்பார்கள், அழுவார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பையனைப் பிடித்துக் கேட்டேன், "ஏம்ப்பா, தமிழ்ல பேச நான் ஒருத்தன் இங்க நிக்கேன். அரைகுறை வங்காளியில அவன்கிட்ட என்ன பேச்சு?" என்று. அவன் சொன்னான்: "அண்ணாச்சி, இப்ப என்கிட்ட பேசறப்பவே எனக்குப் பின்னாடி நிக்கற ஆளைத்தானே பாக்கறீங்க!"

சபேசன் சாரின் பை

சபேசன் சார் ஒரு பெரிய ஆபீசில் ஹெட்கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். மனைவி இல்லை. பெஹாலாவில் மகன் வீடு. ரிடையர் ஆன பிறகும் ஆபீஸ் நேரத்துக்கு இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு, தோல் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்து வந்துவிடுவார். பையில் ஒரு துண்டும் ஒரு பேப்பரும் இருக்கும். லேக் பக்கம் உட்கார்ந்திருந்துவிட்டு, மணி அடித்தாற்போல என் கடைக்குச் சாப்பிட வருவார். "சார், சௌக்கியமா?" என்றால் "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்பார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது.

ஒருநாள் பார்க்கிறேன், எதிர்த்த பெஞ்சில் அந்த மனுஷர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தேம்புகிறார். நிமாய் பக்கத்தில் உட்கார்ந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் வீட்டில் சுவரோடுதான் பேச்சாம், அந்தச் சனியன் பிடித்த அமைதிக்குப் பயந்துதான் தினம் கிளம்பி வருகிறாராம். இதெல்லாம் பெஞ்சில் இருந்தவர்கள் வழியாக அந்தச் சந்து முழுக்கத் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மறுநாள் கோபமாகவே கேட்டேன், "நாங்கள்லாம் செத்தா போயிட்டோம் சார்?" என்று. அவர் நிதானமாக இலையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உன்கிட்ட சொன்னா இன்னொரு கரண்டி ரசம் விடுவேப்பா. அவன் ஒண்ணும் பண்ண மாட்டான், கேட்டுண்டிருப்பான்."

என் பெஞ்சு

அந்த வார்த்தை ரொம்ப நாள் எனக்குச் செரிக்கவில்லை. காளிகாட்டில் ஒரு தச்சனைப் பிடித்து, நிமாய் பெஞ்சைவிட ஒரு முழம் நீளமாக, சாய்மானம் வைத்து, வார்னிஷ் அடித்து ஒரு பெஞ்சு செய்து வாசலில் போட்டேன். "கல்யாண வீட்டு சோபா கெட்டது போங்க" என்றாள் என் சம்சாரம் செல்லம்மா.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்து, "அடுத்த பந்தி எப்போ அண்ணாச்சி?" என்றார்கள். சாப்பாட்டுக்குக் காத்திருக்கிற பெஞ்சு ஆகிவிட்டது அது! சாப்பிட்டு முடித்ததும் அந்தப் பெஞ்சைத் தாண்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார்கள். இரண்டு பெரியவர்களைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, "சொல்லுங்க, மனசுல என்ன இருக்கு?" என்று கேட்டேன். ஒருத்தர் எழுந்து ஓடியே போனார். நிமாய்க்கு நான் 'தாதா', வங்காளியில் அண்ணன். அவன் தெருவைக் கடந்து வந்தான், பெஞ்சைத் தட்டிப் பார்த்தான், ஒரு தரம் உட்கார்ந்தும் பார்த்துவிட்டுச் சொன்னான்: "தாதா, பெஞ்சு ஏ ஒன். ஆனா எதிர்ல நீ கரண்டியோட நின்னா எவன் பேசுவான்?"

தயிர்சாதம்

இலையைப் பார்த்தாலே எனக்கு ஆள் தெரியும். காதல் வந்த பையன் பொரியலை மறந்துவிடுவான். பரீட்சை வந்தவன் அள்ளி விழுங்கிவிட்டு அப்பளத்தை விட்டுவிடுவான். ஆனால் தயிர்சாதத்தை ஒருத்தன் தொடாமல் மூடினால் அது வேறே விஷயம். முரளி மூடினான். புதுக்கோட்டைப் பையன், என்ஜினீயரிங் படிக்க வந்தவன். அவனைப் பற்றி அவன் அப்பா அதற்குள் ஊரெல்லாம் 'என்ஜினீயர்' என்று சொல்லி வைத்திருந்தார்.

மாவடு வைத்தேன். நெய் விட்டேன். செல்லம்மா அவனுக்கென்று தனியாக வடை தட்டினாள். "நல்லாருக்கு அக்கா" என்று சொல்லிவிட்டு அப்படியே மூடுவான். மூடிவிட்டு நேரே எதிர்ப்பக்கம். அங்கே சபேசன் சார் ஒரு நுனி, இவன் ஒரு நுனி, நடுவில் நிமாய். பெரியவரும் பையனும் தலையை ஆட்டி ஆட்டிப் பேசுவதைப் பார்க்கிறபோது, சொந்தப் பிள்ளையை அடுத்த வீட்டுக்காரன் தூக்கிக் கொஞ்சுகிற மாதிரி எனக்கு எரியும். ஒருநாள் கடையை விட்டு இறங்கிப்போய், "பையனுக்கு என்னய்யா?" என்று நிமாயிடமே கேட்டேன். பையன் பரீட்சையில் மறுபடியும் தவறிவிட்டான், ஊருக்குச் சொல்லவில்லை என்பது நிமாய்க்குத் தெரிந்திருக்கிறது; எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் அவன் கெட்டிலைக் கழுவிக்கொண்டே சொன்னான்: "அவன் என்கிட்ட சொன்னது அவனோடது தாதா, என்னோடது இல்லை."

டிரான்ஸிஸ்டர்

நல்ல மழைக்காலம். ஒரு மத்தியானம் முரளி சாப்பிடாமலே வந்து நின்றான். கையில் அவனுடைய டிரான்ஸிஸ்டர். ராத்திரியில் கரகரவென்று அதில் தமிழ்ப் பாட்டுப் பிடித்துக் கேட்பான். அவனுக்கு அது உயிர். "அண்ணாச்சி, இது உங்களுக்கு. வெச்சுக்கோங்க" என்று மேஜை மேல் வைத்துவிட்டுப் போனான். முகம் அன்றைக்குத் தெளிவாக இருந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைசியில் பையன் நம் பக்கம் வந்துவிட்டான்!

பந்தி பாதியில் இருந்தது. யாருக்கோ சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவன், அப்படியே தெருவைக் கடந்து போய் நிமாய் மூக்குக்கு நேரே டிரான்ஸிஸ்டரை நீட்டினேன். "பாத்தியா? யாருக்குக் குடுத்திருக்கான் பாரு!"

நிமாயும் விட்டுக்கொடுக்கவில்லை. "எனக்குந்தான் குடுத்தான்" என்று கூரையில் மாட்டியிருந்த குடையைக் காட்டினான். முரளியுடைய குடை. பெஞ்சில் இருந்த சபேசன் சார் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நேக்குப் பேனா குடுத்தானே, கார்த்தால" என்றார்.

மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். மழை கொட்டிக்கொண்டிருந்தது. சார்தான் முதலில் எழுந்தார். கத்தினார்: "படிக்கிற பையன் பேனாவைக் குடுப்பானோ? இந்த மழையில எவனாவது குடையைக் குடுப்பானோ? ஓடுங்கோ!"

கதவு

இரண்டு சந்து தள்ளி மாடியறை. லோட்ஷெடிங் என்று கரண்ட்டை நிறுத்தியிருந்தார்கள், படிக்கட்டில் பட்டப்பகலிலேயே இருட்டு. நிமாய் அடுப்பை அப்படியே விட்டு வந்தான், என் கடையில் பந்தி அப்படியே கிடந்தது. கதவு உள்தாழ்ப்பாள். நிமாய் வங்காளியில் கத்தினான், நான் தமிழில் கத்தினேன். சார் மட்டும் கதவில் நெற்றியை வைத்து மெல்ல, "முரளி, நான் கிழவன்டா, மாடி ஏறி மூச்சு வாங்கறது, ஒரு வாய் தண்ணி குடு" என்றார்.

சார் நெற்றியை எடுக்கவில்லை.  பிறகு தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. பையன் கையில் தண்ணீர் டம்ளரோடு நின்றான். சார் அதை வாங்கிக் குடித்தார். அவ்வளவுதான், அவன் உடைந்து போனான். உடைந்தவன் யார் தோளில் சாய்ந்தான் என்கிறீர்கள்? நிமாய் தோளில்! நான் பக்கத்திலேயேதான் நிற்கிறேன், எனக்கு என்ன தோளா இல்லை? அந்த நேரத்திலும் எனக்குச் சுருக்கென்று தைத்தது, மறைக்க மாட்டேன். அழுது முடித்து நிமிர்ந்தவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்: "அண்ணாச்சி, கரண்டியைக் கீழ வைங்க. வேட்டியெல்லாம் சாம்பார்."

இரண்டு சீட்டு

குடை, பேனா, டிரான்ஸிஸ்டர் எல்லாம் அன்றைக்கே அவனிடம் திரும்பிவிட்டன. அவனைத் தனியாக விடவில்லை. ராத்திரி எங்கள் வீட்டில் படுக்க வைத்தோம். அப்பாவுக்குத் தந்தி கொடுத்தோம். பெரிய ஆஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கிற டாக்டர் இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். முரளி வரமாட்டேன் என்றான். "நான் என்ன பைத்தியமா?"

சபேசன் சார் தோல் பையை எடுத்துக்கொண்டார். "ரிடையர் ஆனதுலேர்ந்து நானும்தான் தூங்கலை. எனக்கும் காட்டணும், நீ துணைக்கு வா" என்றார். நானும் போனேன். நிமாய் போகிறபோது நான் போகாமல் இருப்பேனா? சீட்டு எழுதுகிற ஆள் எங்கள் நாலு பேரையும் பார்த்துவிட்டு, இதில் நோயாளி யார் என்று கேட்டான். சார் முரளியின் கையை விடாமலே சொன்னார்: "ரெண்டு பேருக்கும் போடுங்கோ. முதல்ல யாரைக் கூப்பிட்டாலும் இன்னொருத்தன் ஓடிடாம பாத்துக்கறோம்."

மூடின இலை

மருந்து, டாக்டர், புதுக்கோட்டையிலிருந்து ஓடிவந்து மகனைக் கட்டிக்கொண்டு ஒரு வார்த்தை திட்டாத அப்பா, எல்லாம் சேர்ந்து மெல்ல மெல்லத்தான் பையன் தேறினான். வாரம் தவறாமல் சார்தான் அவனை டாக்டரிடம் கூட்டிப் போவார். அவன் கூட்டிப் போகிறான் என்று அவர் சொல்லுவார். அந்தத் தோல் பையில் இப்போது இரண்டு பேருடைய மாத்திரையும் இருந்தது.

மறு வருஷம் ஒரு மத்தியானம் முரளி வந்து உட்கார்ந்தான். தயிர்சாதத்தை வழித்துச் சாப்பிட்டான். இலையை மூடினான். மூடிவிட்டு எழுந்திருக்கவில்லை. "அண்ணாச்சி, ராத்திரி ஒரு கனவு" என்று ஆரம்பித்தான். கனவு ஒன்றும் பிரமாதமில்லை, ஊர்க் குளத்தில் சைக்கிள் விட்டானாம். நான் கரண்டியைக் கீழே வைத்தேன். பின்னால் நின்ற ஆள், "அண்ணாச்சி, இலை மூடியாச்சே, சட்டம் என்னாச்சு?" என்றார். "அவசரம்னா எதிர்த்த பெஞ்சுல போய் உக்காரும்வே" என்றேன். கனவு முடிகிறபாடாக இல்லை. தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து நிமாய் எட்டி எட்டிப் பார்த்தான், கெட்டிலைக் கரண்டியால் தட்டினான், கடைசியில் தாங்க முடியாமல் கத்தினான்: "என்ன தாதா, என் ஆளை அங்கேயே பிடிச்சு வெச்சுட்டே, டீ ஆறிப்போகுது!"

மெஸ்காரர்களே, அத்தனை வருஷம் நான் பட்ட பொறாமையில், டிரான்ஸிஸ்டரைக் காட்டிப் பீற்றப் போன அந்த ஒரு தடவை ஒரு பிள்ளை பிழைத்தது. மிச்சத் தடவையெல்லாம் எனக்கு வயிறுதான் எரிந்தது, நிமாய்க்கு டீ விற்றது.