சாவிக்கொத்தோடு ஓடிய அப்பா

காட்டாங்குளத்தூரில், வலிப்பு உள்ள பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து போகும் கோடை முகாம். இன்று என் மகள் ஜெனியோடு போனேன்.

மதியம் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவளுக்கு வலிப்பு வந்தது. வழக்கம்போல இரும்புச் சாவிக்கொத்தை அவள் கையில் வைக்க ஓடினேன். இத்தனை வருடமாக அதுதான் என் வைத்தியம்.

அதற்குள் ரேவதி, அங்கே உதவிக்கு வந்த நர்சிங் மாணவி, அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாவியால ஒண்ணும் ஆவாதுண்ணா. தானா நிக்கும். நான் டைம் பாத்துக்கினுதான் இருக்கேன்."

நின்றும்விட்டது.

கொஞ்சம் தூங்கி எழுந்த ஜெனி என் பக்கம் திரும்பவே இல்லை.

"ரேவதிக்கா, எவ்ளோ நேரம் வந்துச்சு?"

"ஒரு நிமிஷம்டி."

"அவ்ளோதானா? வாக்கா, பெயின்ட் காய்ஞ்சிடும்."

பிறகுதான் என்னைக் கண்டாள். "இன்னாப்பா, சாவிய வெச்சிகினு நிக்கற? வூட்டுக்கா போறோம்? நான் வரல."

வீட்டில் என்றால் எழுந்ததும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். இன்று அழவே இல்லை. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ வயிறு எரிந்தது.

நாளைக்கு நானும் வரலாமா என்று கேட்டுப் பார்த்தேன்.

"அக்காவ கேட்டு சொல்றேம்ப்பா."

பொறாமைக்கு மாத்திரை தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.