மாதாவுக்கு உடுப்பு மாற்றும் உரிமை

எங்கள் ஆலயத்து மாதாவுக்கு வருஷத்தில் ஒரு தடவை, திருநாளுக்கு முதல் நாள் பின்னேரம், உடுப்பு மாற்றுவார்கள். ஆண்கள் எல்லாரும் வெளியே போய்விட வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பெண்கள் சொரூபத்தைப் பீடத்திலிருந்து இறக்குவார்கள். பழைய சட்டையைக் கழற்றி, ஈரத் துணியால் துடைத்து, புதிதாகத் தைத்த நீலச் சட்டையையும் வெள்ளை முக்காட்டையும் போடுவார்கள். துடைத்த தண்ணீரைப் போத்தல்களில் வாங்கிப்போய்ப் படகின் முன்முனையான அணியத்தில் தெளிப்பது சிலாபத்துக்கு வடக்கே எங்கள் கரையில் வழக்கம்.

அந்த மூவரில் மூத்தவர் என் அம்மா. பன்னிரண்டு வருஷம் அந்தச் சட்டையை அவரே தைத்தார். அந்த வாரம் எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. கருவாடு காயவைத்த கையால் துணியைத் தொடக்கூடாது என்று கையைத் தேசிக்காய்த் தோலால் உரசி உரசிக் கழுவுவார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர், சந்தையில் தராசுக்காரனின் அதட்டலுக்கு எதிர்வார்த்தை பேசாதவர். அந்த ஒரு பின்னேரம் மட்டும் கதவின் உட்பக்கத்தில் நின்று, ஆலயச் சங்கத் தலைவரைக்கூட வெளியே போகச் சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. அவரிடம் இருந்த ஒரே பதவி அதுதான்.

என்னிடம் இருந்தது படிப்பு. எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை போன முதல் ஆள் நான். ஊர்ப் பிள்ளைகள் சிங்களப் பள்ளிக்கூடத்துக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் தினமும் பஸ் ஏறிப் புத்தளம் போய்த் தமிழில் படித்தேன். யுத்தம் முடிந்து பாதை திறந்திருந்ததால் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகம் கிடைத்தபோது அப்பா தடுக்கவில்லை. கிறிஸ்தவ நாகரிகத்தை ஒரு பாடமாக எடுத்தேன்.

அங்கேதான் அதீனாவைப் பற்றிப் படித்தேன். கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூறு வருஷங்களுக்கு முன்பே, ஏதென்ஸ் நகரத்துப் பெண்கள் அந்தக் கன்னித் தேவிக்குப் புது ஆடை நெய்து, ஊர்வலமாகக் கொண்டுபோய்ச் சாத்தினார்கள். வேறொரு நாள் சிலையின் ஆடையைக் கழற்றி, முகத்தை மூடி, கடலுக்குக் கொண்டுபோய்க் கழுவினார்கள் என்றும் சொல்வார்கள். நகரம் கிறிஸ்தவமானபோது தேவியின் பெரிய கோயிலே மாதாவின் ஆலயமானது. விரிவுரையாளர் இதைச் சொல்லிவிட்டு, உரோமர்கள் சூரியன் பிறந்த நாளென்று கொண்டாடிய டிசம்பர் இருபத்தைந்துக்குப் போய்விட்டார். நான் அந்தப் பெண்கள் சிலையைக் கழுவிய கடற்கரையிலேயே நின்றுவிட்டேன்.

அன்று பின்னேரம் சந்தோஷத்தில் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். உங்களைப் போல ஆட்கள் ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தியே இருந்திருக்கிறார்கள் என்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். அந்தத் தெய்வத்துக்குப் பிள்ளை இருந்ததா என்று மட்டும் கேட்டார். இல்லை, கன்னி என்றேன். பிறகு, “இத இங்க ஒருத்தருக்கும் சொல்லாத மகள்” என்றார்.

அடுத்த வருஷம், திருநாளுக்கு இரண்டு மாதம் இருக்க, அப்பா கடலில் காணாமல் போனார். எஞ்சின் நின்று, படகு நீரோட்டத்தில் போய்விட்டது. முதல் நாள் அம்மா ஆலயத்தில் முழந்தாளில் இருந்தார். இரண்டாம் நாளும் இருந்தார். மூன்றாம் நாள் காலையில் எழுந்து, மீன் சந்தையில் கூட நிற்கும் பெண்ணோடு பக்கத்து ஊர் அம்மன் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்து நேர்த்தி வைத்தார். அன்று பின்னேரம் வேறொரு படகுக்காரர் அப்பாவைக் கட்டியிழுத்துக்கொண்டு வந்தார். அம்மா நேர்த்தியை மறக்கவில்லை. அடுத்த கிழமை போய்ப் பட்டுத் துண்டொன்று சாத்திவிட்டு வந்தார். பஸ்ஸில் வரும்போது நெற்றியில் குங்குமம் இருந்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள்.

புதிதாக வந்திருந்த பங்குச் சாமி அம்மாவைக் கூப்பிட்டு, இந்த வருஷம் மாதாவைத் தொட வேண்டாம், அடுத்த வருஷம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார். அந்தச் செய்தி கேட்டுத்தான் நான் விடுமுறைக்கு முன்பே ஊருக்கு வந்தேன். சங்கக் கூட்டத்தில் அம்மா போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் தண்டனை இந்த வருஷத்தோடு முடிந்துவிடும் என்று அப்பா ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். நான் விடவில்லை. நானும் வருவேன் என்றேன். என் அப்பியாசக் கொப்பியில் நாலு பக்கம் எழுதியும் வைத்திருந்தேன்.

சங்கத்தில் அப்பாவின் தம்பி ஒருவர் இருந்தார். என் கையில் கொப்பியைக் கண்டதும், “கம்பஸ் பிள்ள வந்திருக்கு. இனி மாதாவுக்கும் சோதின வைக்கும்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு தயங்காமல் பேச எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அதீனாவின் ஆடை, கடலில் கழுவியது, மாதாவின் ஆலயமான கோயில், சூரியனின் பிறந்த நாள். வடக்கு ஐரோப்பாவில் கிறிஸ்தவத்துக்கு முந்திய சனம் குளிர்காலத்தில் பச்சைக் கொப்பு கட்டி வைத்ததையும், அதே பச்சையை இன்று நாம் இயேசு பாலன் குடிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக்கில் வைப்பதையும் சொன்னேன். அவர்களுடைய அம்மன் உள்ளே வரலாம், எங்கள் பக்கத்து ஊர் அம்மன் மட்டும் ஏன் பேய் என்று கேட்டேன். அம்மா கதிரையின் நுனியில் இருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாமி கோபப்படவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். “நீங்க சொல்றது எல்லாம் சரி, தங்கச்சி. குருமடத்தில நாங்களும் படிச்சம்” என்றார். “ஆனா அந்தச் சனம் தங்கட தெய்வத்த விட்டுட்டுத்தான் மாதாவிட்ட வந்திச்சு. உங்கட அம்மா ரெண்டு பக்கமும் போறா.”

“விட்டுட்டு வந்திருந்தா அந்த உடுப்பு எப்பிடி சாமி கூட வந்திச்சு?” என்றேன்.

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்தக் கேள்விக்கு ஒருவரும் எனக்குப் பதில் தரவில்லை. ஆனால் அதைக் கேட்க வேண்டிய இடம் அதுவல்ல. அப்பாவின் தம்பி எழும்பி நின்று, “அப்ப எங்கட மாதா அஞ்ஞானிகள்ட பொம்மையா?” என்று கேட்டார். அப்படி நான் சொல்லவில்லை என்றேன். அப்படித்தான் சொன்னேன் என்று மறுநாள் காலை மீன் ஏலம் போடும் இடத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு வருஷத் தண்டனை அதோடு நிரந்தரமானது. இனிமேல் கன்னியாஸ்திரிகளே வந்து உடுப்பு மாற்றட்டும் என்று சங்கம் தீர்மானித்தது. அம்மாவோடு கூட நின்ற இரண்டு பெண்களும் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினார்கள். பாதி தைத்த நீலத் துணி அலுமாரிக்குள் போனது.

ஒரு நாள் அம்மா என்னிடம், சாமியிடம் போய்த் தெரியாமல் கதைத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரச் சொன்னார். நான் சொன்னதில் பொய் இல்லையே, ஏன் போக வேண்டும் என்று கேட்டேன். அவர் கருவாட்டைப் பிரட்டிப்போட வெளியே போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அறிவித்தல் வாசிக்கும் நேரத்தில், அம்மா எழும்பிப் போய் மைக்குக்கு முன்னால் நின்றார். சாமியிடம் முன்பே கேட்டிருக்கிறார், எனக்குச் சொல்லவில்லை. மைக் அவருக்கு உயரம். யாரோ வந்து இறக்கிவிட்டார்கள்.

“நான் அம்மன் கோயிலுக்குப் போனது பிழை. புருசன் கடல்ல கிடக்கக்குள்ள எனக்குப் புத்தி இருக்கல்ல. என்ட மகள் கதைச்சதும் பிழை. அது கூடுதலாப் படிச்சிட்டுது. அந்தப் பிழையும் எங்கடதான். நாங்கதானே படிக்க வெச்சம்.”

யாரும் சிரிக்கவில்லை. சில பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். நான் நடுவரிசை வாங்கில் இருந்தேன். எனக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி இருந்தார்களா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா என்று இன்னும் தெரியாது. என் படிப்புக்காக விடியப்புறம் கருவாட்டுச் சாக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றவர் அவர். அந்தப் படிப்பைத்தான் அங்கே கொண்டுபோய் வைத்தார். வேறு எதை வைத்திருந்தாலும் அவர்கள் ஏற்றிருக்க மாட்டார்கள்.

உரிமை திரும்பிக் கிடைத்தது. திருநாளுக்கு முதல் நாள் பின்னேரம் நானும் அம்மாவோடு போனேன். மற்ற இரண்டு பெண்களும் எனக்கு முன்னால் உள்ளே போனார்கள். அம்மா வாசலில் திரும்பி நின்று, “நீ வெளியில நில்லு, பிள்ள” என்றார். சாமி சொன்னாரா என்று கேட்டேன். இல்லை, தான்தான் சொல்வதாகச் சொன்னார். “நீ பாக்கக்குள்ள எனக்கு நீ சொன்ன மற்றத் தெய்வந்தான் ஞாபகம் வரும்.”

கதவு சாத்தப்பட்டது. போத்தல்களோடு நின்ற ஆண்களுக்குள் நான் மட்டும் பெண். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது, பிறகு அம்மா செபமாலை தொடங்கும் குரல். ஏதென்ஸ் பெண்கள் என்ன பாடியிருப்பார்கள் என்று அந்த நேரத்திலும் என் மூளை கேட்டது. எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

கதவைத் திறந்தபோது மாதா நீலத்தில் நின்றார். முக்காடு ஒரு மடிப்புக்கூடப் பிசகாமல் இருந்தது. எல்லாரும் மணலிலேயே முழந்தாளிட்டார்கள். நானும் இட்டேன், நம்பிக்கையால் அல்ல, தனியாக நிற்கத் துணிவு இல்லாததால். அம்மா பார்க்கிறாரா என்று தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவர் போத்தல்களை நிரப்பிக்கொண்டிருந்தார்.