கட்டிலில் நட்ட களை

சென்னையில் ஒரு நவீனக் கலைக் கண்காட்சி, கோடை முழுவதும் நேரிலும் பார்க்கலாம், இணையத்தில் நேரலையாகவும் பார்க்கலாம் என்று செல்போனுக்கு அழைப்பிதழ் வந்தது. திறந்து பார்த்தேன். படத்தில் ஒரு தேக்குக் கட்டில். மெத்தை இருக்க வேண்டிய இடத்தில் சேறு. அதில் நாற்று நட்டு வளர்க்கப் போகிறார்களாம். கீழே என் ஊர்க்காரனும் கல்லூரித் தோழனுமான ஒருவனின் பெயர்.

அது என்னுடையது. எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவி வந்த வருடம், ஓவியக் கல்லூரிக் கடைசித் தேர்வுக்கு நான் செய்தது. என் கட்டில் தேக்கு இல்லை. அவனுடைய அப்பாவின் வயலில் நட்டுவிட்டு வந்து என் அம்மா முதுகைச் சாய்த்த கயிற்றுக் கட்டில். கயிற்றை அவிழ்த்து, அடியில் பலகை அடித்து, சேறு நிரப்பி நாற்று நட்டேன். "இதெல்லாம் சிற்பமாம்மா?" என்று கேட்டுவிட்டுத் தேர்வாளர் நகர்ந்துவிட்டார். அதைப் போட்டோ எடுத்தது அவன்தான். அம்மாவுக்கு அவன் சின்னய்யா, எனக்கு வாடா போடா. பிறகு அவன் லண்டன் போனான். நான் மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் டிராயிங் டீச்சர் ஆனேன்.

மறுநாள் அவனே போன் செய்தான்.

"நம்ம ஊர் நாத்தா இருந்தா நல்லாருக்கும். நீ ஏற்பாடு பண்ணேன். வண்டி அனுப்பறேன்."

"அந்தக் கட்டில் என்னோடதுடா."

"உன்னோடதப் பாத்துதான் தோணுச்சு, இல்லேங்கல. ஆனா இது வேற லெவல்."

கத்தியிருக்கலாம். கத்தவில்லை. "இருபது நாள் டைம் குடு," என்றேன்.

விதைநெல்லைச் சலித்து ஒதுக்கிய களைவிதை அண்ணன் வீட்டில் கிடந்தது. கோழிக்குப் போடுவது. அதை வாங்கி வந்து மொட்டை மாடியில் தட்டுகளில் விதைத்தேன். குதிரைவாலிப் புல் இளசில் அச்சு அசல் நெல்நாற்று மாதிரியே நிற்கும். குனிந்து களை எடுத்தவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும். வரப்பில் குடை பிடித்து நின்றவர்களின் பிள்ளைக்கு எங்கே தெரியப்போகிறது? நாலு ஓரத்துக்கு மட்டும் போனால் போகிறதென்று கொஞ்சம் நெல் நாற்றும் வைத்து அனுப்பினேன்.

பள்ளி விடுமுறை. தோசை ஊற்றிக்கொண்டே நேரலை பார்த்தேன், துணி மடித்துக்கொண்டே பார்த்தேன். கட்டில் பச்சைப்பசேலென்று வளர்ந்தது. மண்வாசனை, வேர், தாய்மடி என்று ஆளாளுக்குக் கீழே எழுதினார்கள். கதிர் வரட்டும், களை என்று தெரிந்து டெல்டாவே சிரிக்கும், அப்போது கட்டில் யாருடையது என்று சொல்கிறேன் என்று கறுவிக்கொண்டு காத்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் கோடையிலும் இருந்ததில்லை.

கதிர் வருவதற்குள் ஒரு நாள் காலையில், கண்காட்சிக் கூடம் பெருக்க வந்த அம்மாள் கட்டில் பக்கத்தில் நின்றார். ஒரு நாற்றின் தாளை நீவிப் பார்த்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகி, களை பறிக்கத் தொடங்கிவிட்டார். பத்தே நிமிடம். சேறும் ஓரத்து நெல்லும்தான் மிச்சம். கைதட்டிச் சிரித்தேன்.

மத்தியானம் அவன் போன். "பெருக்கறவ எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுட்டா. அவளை இன்னைக்கே வேலைய விட்டு நிறுத்தறோம்."

என் சிரிப்பு நின்றுபோயிற்று. அவனுக்காக வைத்த பொறியில் யார் கால் மாட்டியிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

"அவங்க புடுங்கினது களை. அனுப்பினது நான்," என்றேன். "அவங்களை நிறுத்தினா எல்லாத்தையும் வெளிய சொல்லுவேன். கட்டில் யாரோடதுங்கறதையும் சேத்து."

அவன் பேரத்துக்கு வந்தான். "நீ வாயத் தொறக்காம இரு. அந்தம்மாவுக்கு வேலை இருக்கும். தொறந்தா இருக்காது," என்றான்.

என் பெயரைச் சுவரில் ஏற்றத்தான் அத்தனையும் செய்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, "சரி," என்றேன்.

கடைசி நாளன்று நேரில் போனேன். யாரோ புது நாற்று வாங்கி நட்டிருந்தார்கள். சுவரில் அவன் பெயர் மட்டும் இருந்தது. அந்த அம்மாளைத் தேடிப் பிடித்துப் பேசினேன்.

"நான் திருப்பனந்தாள் பக்கம்மா. நடவுக்கு மிஷின் வந்தப்பறம் இங்க வந்துட்டேன். களையப் பாத்தா கை சும்மா இருக்குமா?"

என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். அதன் பிறகு யாரிடமும் மூச்சுவிடவில்லை. அவன் பேட்டிகளில் அந்தக் கட்டில் வரும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

போன மாதம் அந்த அம்மாள் கூப்பிட்டார். வேலையை விட்டுவிட்டாராம். திருப்பூரில் மகளோடு இருக்கிறாராம்.

"நீங்களாத்தானே விட்டீங்க?" என்று இரண்டு முறை கேட்டேன்.

"நானாத்தாம்மா. கால் வலி. இனிமே அந்தப் பக்கமே போறதா இல்ல."

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அன்றைக்கே இதை எழுத உட்கார்ந்தேன்.