வெடிக்காரரின் திங்கட்கிழமைத் தலைவலி

கல்குவாரியில் அவரை எல்லோரும் ‘அரைமணி’ என்றுதான் கூப்பிட்டார்கள். வெடி வைத்துவிட்டுச் சத்தங்களை விரல்விட்டு எண்ணுவார். பன்னிரண்டு குழிக்குப் பன்னிரண்டு சத்தம் கேட்டால் சரி. பதினொன்றோடு நின்றுவிட்டால், மிச்சக் குழி எந்த நேரமும் வெடிக்கலாம் என்று, முதலாளியே வந்து காலைப் பிடித்தாலும் அரைமணி நேரத்துக்கு ஓர் ஈயைக்கூடக் கிட்டே அண்ட விடமாட்டார். இந்தப் பழக்கம் உடம்பில் ஊறிப்போய், “என் பொண்ணைக் கட்டிக்கிறீங்களா?” என்று வருங்கால மாமனார் கேட்டதற்கும் அரைமணி நேரம் வாயே திறக்கவில்லையாம். ஊமை என்று நினைத்து, அந்த வீட்டில் பாதிப் பேர் கைஜாடையில் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

பாறைக்குப் பயப்படாத அந்த மனிதர் திங்கட்கிழமைக்குப் பயந்தார்.

அதற்குக் காரணம் அவர் கையாண்ட வெடிமருந்து. கரியும் கந்தகமும் வெடியுப்பும் கலந்த கருமருந்து பல நூறு வருஷம் தனி ராஜ்ஜியம் நடத்தியது. பீரங்கியிலும் அதுதான், சுரங்கத்திலும் அதுதான். பிறகு ஓர் எண்ணெயைக் கண்டுபிடித்தார்கள். கருமருந்தைவிடப் பல மடங்கு வேகம், ஆனால் பொல்லாத கோபக்காரி. தட்டினால் வெடிக்கும், தடுக்கினால் வெடிக்கும், முறைத்துப் பார்த்தால்கூட வெடிக்கும் என்று சொன்னவர்கள் உண்டு. அந்த எண்ணெயை ஒருவகை மண்ணில் ஊறவைத்து, அடக்கி, தாளில் தோட்டாவாகச் சுருட்டியபோது டைனமைட் பிறந்தது. மலையைப் பிளந்து ரயில் விட்டதும் அது. ரயில் போன பாலத்தைப் போரில் தகர்த்ததும் அதே குடும்பம்தான்.

அடக்கியும் அந்த எண்ணெய்க்குக் குறும்பு போகவில்லை. தோட்டாவைத் தொடுகிறவனின் தோல் வழியாக உள்ளே போய், ரத்தக்குழாயை விரித்து, மண்டையைப் பிளக்கும். தினமும் தொட்டால் உடம்பு பழகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் ஓய்வெடுத்தால் போதும், பழக்கம் விட்டுப்போய்த் திங்கட்கிழமை காலையில் புதுமாப்பிள்ளை மாதிரி வந்து நிற்கும் தலைவலி.

இதற்கு வெடிக்காரர்களிடம் ஒரு ரகசிய வைத்தியம் இருந்தது. எண்ணெய்க்கறை பட்ட தோட்டாத்தாள் ஒன்றை மடித்துத் தொப்பியின் உள்மடிப்பில் செருகிக்கொள்வார்கள். விடுமுறையிலும் தொப்பி தலையில் இருந்தால் பழக்கம் அறுபடாது, திங்களும் சுகம். தாளைக் குவாரி வாசலுக்கு வெளியே கொண்டுபோவது தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் அரைமணி வீட்டில் மூச்சுக்கூட விடவில்லை.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். படுக்கையறை சின்னது, ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி. கட்டிலின் தலைமாட்டில் ஓர் ஆணி, அந்த ஆணியில் தொப்பி. கல்யாணமான இரண்டாம் மாதமே டீச்சருக்குத் தலைவலி ஆரம்பித்தது. கண்ணாடி மாற்றினாள், தலையணை மாற்றினாள், புருஷனோடு நாலைந்து தடவை டாக்டரிடம் போனாள், தைலத்தில் குளிக்காத குறைதான்.

அரைமணிக்கு மனசு கேட்கவில்லை. தனக்குக் குணம் தந்த மருந்து அவளுக்கும் தராதா? சத்தமில்லாமல் அவள் தலையணை உறைக்குள் ஒரு தோட்டாத்தாளை வைத்தார். வலி கூடியது. மருந்து போதவில்லைபோல என்று இன்னொன்று வைத்தார். ஒரு மாதத்தில் உறைக்குள் ஐந்து தாள் சேர்ந்துவிட்டது. இவ்வளவு அன்போடு மனைவியின் மண்டையை உடைத்த புருஷன் உலகத்தில் வேறொருவன் இருந்திருக்க மாட்டான்.

ஒரு சனிக்கிழமை டீச்சர் அவரை எதிரே உட்காரவைத்தாள்.

“ஏங்க, கோவிச்சுக்காதீங்க. நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன். எனக்கு உங்களாலதான் தலை வலிக்குது.”

“எல்லார் பொண்டாட்டியும் சொல்றதுதானே இது?”

“அவங்க சும்மா சொல்றாங்க. நான் நிரூபிச்சுட்டேன். பள்ளிக்கூடத்துல வலி இல்ல. அப்பா வீட்டுல பத்து நாள் இருந்தேன், வலி இல்ல. இங்க வந்து படுத்தா மறுபடியும் வலி. ரெண்டு வீட்டுக்கும் என்ன வித்தியாசம்? நீங்கதான்.”

அவர் வழக்கம்போல வாய் திறக்கவில்லை. அவள் காத்திருக்கவும் இல்லை. “நாளைக்கு அப்பா வர்றார். அவரோட போறேன். திரும்பி வருவேனான்னு கேக்காதீங்க. எனக்கே தெரியல” என்று எழுந்துபோனாள்.

மாமனார் ராணுவத்தில் பாலம் தகர்க்கும் படையில் இருந்தவர். ஆற்றுக்கு ஒரு பாலம் என்று கணக்கு வைத்தால்கூட, அவர் தகர்த்ததாகச் சொன்ன பாலங்களுக்கு உலகத்தில் ஆறு போதாது. ஞாயிறு மதியம் வந்தார். மகளின் பெட்டி கட்டித் தயாராக இருப்பதைப் பார்த்தார். மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார்.

“நான் வெடிவச்ச பாலத்தைக்கூட மூணு வாரத்துல திரும்பக் கட்டிட்டாங்க மாப்ள. நீங்க ஒரு குடும்பத்தை உடைச்சு வச்சிருக்கீங்களே!”

“நான் ஒண்ணுமே பண்ணல மாமா.”

“அதான் புகாரா இருக்குமோ?” என்றவர், பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்ததால் மகளின் கட்டிலில் சாய்ந்தார்.

முக்கால் மணி நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு கர்ஜனை. கிழவர் இரண்டு கையாலும் மண்டையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்து வந்தார்.

“எல்லாரும் வெளிய ஓடுங்க! வீட்டுக்குள்ள டைனமைட் இருக்கு!”

“அப்பா, கனவு கண்டீங்களா?”

“கனவுல மண்டை இப்படி இடிக்குமா? சண்டையில ஒரு குகைக்குள்ள தோட்டாப்பெட்டி மேலயே ஒரு வாரம் படுத்துக் கிடந்தோம். எல்லாருக்கும் இதே வலி. எதிரி விஷப்புகை விட்டுட்டான்னு எங்க கேப்டன் முகமூடியோடவே சாப்பிட உக்காந்தாரு. செத்தாலும் மறக்குமா இந்த வலி?” மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். “எங்கய்யா வச்சிருக்க? சொல்லு!”

இந்த முறை அரைமணி ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. ஓடிப்போய்த் தலையணை உறையை உதறினார். ஐந்து தாள் விழுந்தது. ஆணியிலிருந்த தொப்பியைப் பிரித்து ஆறாவதையும் போட்டார்.

“வெடிக்காது மாமா, வெறும் தாள்தான். எனக்கு இது திங்கட்கிழமை மருந்து. அவளுக்கும் நல்லாகட்டும்னு...”

டீச்சர் தாள்களையும் புருஷனையும் மாறிமாறிப் பார்த்தாள். “எனக்கு வலி கூடக்கூட நீங்க தாளைக் கூட்டினீங்களா?”

“ஆமா.”

“அஞ்சு?”

“ஆறாவதை இன்னைக்கு வைக்கலாம்னு இருந்தேன்.”

அவள் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் நீர் வர, கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “இத்தனை தடவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்களே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொன்னா வேலை போயிடும்னு பயம்.”

“பொண்டாட்டி போயிடுவான்னு பயம் இல்லையாக்கும்!”

பெட்டி அவிழ்ந்தது. மாமனார் மட்டும் அந்த பஸ்ஸில் போனார். தாள்கள் மறுநாளே குவாரிக் கழிவு எரிக்கும் பள்ளத்துக்குத் திரும்பின. தொப்பி கொதிநீரில் மூழ்கி எழுந்து, அது முதல் முற்றத்தில்தான் தொங்கியது. டீச்சரின் தலைவலி ஒரே வாரத்தில் ஓடிவிட்டது.

ஆனால் திங்கட்கிழமை திரும்பி வந்தது. குவாரியிலிருந்து அரைமணி தலையைப் பிடித்துக்கொண்டே வருவார். டீச்சர் ஈரத்துணியைப் பிழிந்து நெற்றியில் கட்டி, விளக்கைத் தணித்து, கட்டில் ஓரம் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவாள். வாரத்தில் அந்த ஒரு சாயங்காலம் யார் கூப்பிட்டாலும் அவள் எழுந்து போகமாட்டாள்.

சில வருஷம் கழித்துக் குவாரிக்குப் புதுவகை வெடிமருந்து வந்தது. கூழ் மாதிரி இருக்கும். அந்தப் பொல்லாத எண்ணெய் அதில் சொட்டுக்கூடக் கிடையாது. வெடிக்காரர்கள் எல்லோருக்கும் தலைவலி போயே போய்விட்டது, ஒரே ஒருவரைத் தவிர. அரைமணி ஓய்வுபெறும்வரை திங்கட்கிழமைதோறும் முனகிக்கொண்டே வந்து படுத்தார்.

மருந்து மாறிய செய்தி டீச்சருக்கு முதல் வாரமே தெரியும். துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைப்பதை மட்டும் நிறுத்தி, கொஞ்சம் வெதுவெதுப்பாக நனைக்க ஆரம்பித்தாள். சளி பிடித்துவிடக் கூடாதே.