பழக்கத்துக்குச் சொன்ன கடைசி வரி

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, என் பெயர் எஸ்தர். ஈப்போவில் ஒரு ஹோட்டலில் துணி துவைக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். "சாட்சி எழுதுங்க சிஸ்டர்" என்று பாஸ்டரம்மா விடாமல் கேட்டதால் எழுத உட்கார்ந்திருக்கிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. போன வருஷம் ஜூலை மாதம் நான் கடனில் கழுத்துவரை மூழ்கியிருந்தேன். இன்னும் ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் என் குடும்பமே மூழ்கியிருக்கும். அந்த அடியை எடுக்க விடாமல் ஆண்டவர் என்னைத் தடுத்தார். அவர் தடுத்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வருகிறது.

என் கணவர் டேனியல் லாரியில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர். லூமுட் துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது மேலேயிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்தது. தினக்கூலிக்காரர், வேலைக்குப் போனால்தான் காசு. அரை வருஷம் வீட்டில் படுத்துவிட்டார். மகள் ரெபேக்கா அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். என் கையில் இரண்டு வங்கிகளின் கிரெடிட் கார்டு இருந்தது. அரிசி, பருப்பு, கரண்டு பில், மருந்து, கல்லூரிப் பணம் எல்லாவற்றுக்கும் அதைத்தான் நீட்டினேன். மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் போதும் என்று இருந்தது. நானும் ஒழுங்காகக் கட்டினேன். கட்டக் கட்டக் கடன் ஏறிக்கொண்டே போனது. பிறகு ஒரு கார்டில் காசு எடுத்து இன்னொரு கார்டுக்குக் கட்டினேன். அதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

மொத்தம் ஒன்பதாயிரம் வெள்ளி ஆகிவிட்டது. என் சம்பளம் இரண்டாயிரத்து நூறு.

வசூல் செய்கிறவர்கள் காலையிலேயே கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். போனை அழுக்குத் துணி மூட்டைக்குள் செருகிவைப்பேன். அங்கேயும் அது அதிரும். ஒருநாள் ஹோட்டல் நம்பருக்கே கூப்பிட்டு சூப்பர்வைசரிடம் என்னைக் கேட்டார்கள். அன்றைக்கு எனக்கு வந்த அவமானத்தைச் சொல்லி முடியாது. கழுத்துச் சங்கிலி ஏற்கனவே அடகுக் கடையில் இருந்தது. பாகான் டத்தோவில் தென்னை வைத்திருக்கும் தம்பிக்குப் போன் போட்டேன். "தேங்கா வெலயே சரியில்லக்கா, நானே தடுமாறிக்கிட்டு இருக்கேன்" என்றான். அவன் பொய் சொல்கிறவன் இல்லை. டேனியலிடம் நான் மூச்சு விடவில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கிற மனுஷனிடம் எப்படிச் சொல்வது?

கடைசியில் ஒரு ஆலோங்கின், அதாவது லைசென்ஸ் இல்லாமல் வட்டிக்கு விடுகிறவனின், நம்பர் கிடைத்தது. ஐயாயிரம் தருகிறேன், ஆனால் உன் சம்பளம் விழும் ஏடிஎம் கார்டும் பின் நம்பரும் என்னிடம் இருக்கவேண்டும் என்றான். அதாவது என் சம்பளத்தை மாதாமாதம் அவனே எடுத்து, அவனுக்கு மனம் வந்தால் மிச்சத்தை எனக்குத் தருவான். இது எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இப்படிக் கார்டைக் கொடுத்துவிட்டுத்தான் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போனார். தெரிந்தும் சரி என்றேன். அவன் கேட்டபடி என் ஐசியை, அடையாள அட்டையை, படம் எடுத்தும் அனுப்பினேன். போன் சத்தம் நின்றால் போதும் என்று ஆகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை காலை முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, இந்தக் காரியத்தை வாய்க்கப்பண்ணும், பணம் என் கைக்கு வரட்டும்" என்று கெஞ்சினேன். ஜெபத்தை முடிக்கும்போது, "ஆனாலும் உம்முடைய சித்தம் ஆகட்டும், ஆமென்" என்றேன். நாம் எல்லோரும் சொல்கிறதுதான். கடிதத்தின் அடியில் 'இப்படிக்கு' என்று போடுவதைப்போல அது என் வாயில் தானாக வந்தது. சொல்லிவிட்டு எழுந்து முகம் கழுவிக்கொண்டு, அவன் வரச்சொன்ன புந்தோங் வங்கிக்குப் போனேன்.

ஆலோங் அனுப்பிய ஆள் வங்கி வாசலில் மோட்டார் சைக்கிளோடு நின்றான். நம்ம தமிழ்ப் பையன்தான், முப்பது வயது இருக்கும். சட்டை மடிப்புக் கலையாமல் அவ்வளவு மரியாதையாகப் பேசினான். அந்த மரியாதைதான் எனக்குப் பயமாக இருந்தது.

"டென்ஷன் ஆகாதீங்கலா அக்கா. மெஷின்ல பத்து வெள்ளி எடுத்துக் காட்டுங்க, கார்டு வேல செய்யுதான்னு பாக்கணும். அப்புறம் காசு உங்க கையில."

"கார்டு எப்பத் தம்பி திரும்பக் கெடைக்கும்?"

"கடன் முடிஞ்சோன்ன தர்றதுதானேக்கா. இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

கார்டை உள்ளே விட்டேன். பின் நம்பர் என் கல்யாண நாள். பல வருஷமாக யோசிக்காமலே விரல் தட்டுகிற நம்பர். தட்டினேன், தவறு என்று வந்தது. திரும்பத் தட்டினேன், அப்போதும் தவறு. எனக்கு வியர்த்துக் கொட்டியது. மாதம் முன்னால் வருமா, தேதி முன்னால் வருமா? எந்த வருஷம்? ஒன்றுமே ஞாபகம் இல்லை. கல்யாண நாளை மறப்பது புருஷன்மார் வேலை என்று டேனியலை எத்தனை முறை திட்டியிருக்கிறேன்! அந்தப் பையன் என் தோளுக்குப் பின்னால் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. மூன்றாவது முறை தட்டினேன். திரையில் ஏதோ எழுத்து வந்தது. கார்டு வெளியே வரவில்லை, மெஷின் அதை விழுங்கிவிட்டது.

"என்னக்கா, வெளையாடுறீங்களா?"

"சத்தியமா மறந்துபோச்சுப்பா."

அவன் குரலை உயர்த்தவில்லை. "புதுக் கார்டு எடுத்துட்டுத் திங்கக்கெழம கூப்புடுங்க. உங்க ஐசி படம் எங்கிட்ட இருக்கு. அத மட்டும் மறந்துறாதீங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

அவன் வண்டி முனை திரும்பியதும் ஆறு எண்ணும் பளிச்சென்று ஞாபகத்துக்கு வந்தது. அந்த இடத்திலேயே ஆண்டவரோடு சண்டை போட்டேன். "இதுக்குத்தானா காலையில அப்படிக் கெஞ்சுனேன்? இருந்த ஒரு வழியையும் அடைச்சிட்டீரே!" என்று வாய்விட்டே கத்தினேன். ஒரு சீனக் கிழவர் என்னைப் பார்த்துவிட்டு நடைபாதை மாறிப் போனார்.

வேறு கார்டு வாங்காமல் சம்பளத்தைத் தொட முடியாது. வங்கிக்குள் போனேன். கவுன்டரில் இருந்த மலாய்க்காரப் பெண், "ஏன் காக் அழறீங்க?" என்று மலாயில் கேட்டார். அக்கா என்கிற அந்த ஒரு வார்த்தையில் நான் உடைந்துபோனேன். புருஷனிடம் சொல்லாததையெல்லாம் அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் பக்கத்துக் கவுன்டரைப் பார்க்கச் சொல்லி வரிசையை அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். கார்டையும் பின் நம்பரையும் யாருக்கும் கொடுக்காதீர்கள், முதலில் போலீசில் ரிப்போர்ட் செய்யுங்கள் என்றார். கடனில் மாட்டியவர்களுக்கு ஆலோசனை சொல்ல அரசாங்க ஏற்பாட்டில் ஒரு அலுவலகம் டவுனிலேயே இருக்கிறது என்று வழியும் சொன்னார். "பெர்சூமா, காக்" என்றார். இலவசமாம். இத்தனை வருஷம் அந்தத் தெரு வழியாகத்தான் நான் பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் டேனியலிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்க அழுவீங்கன்னுதான்."

"இப்ப மட்டும் சிரிக்கிறனா?"

மறுநாள் ஊன்றுகோலோடு என்னுடன் போலீஸ் நிலையத்துக்கு வந்தார். திங்கட்கிழமை போன் அடித்தபோது அவரே எடுத்தார். "ரிப்போர்ட் பண்ணியாச்சு. காசும் வேணாம், கார்டும் கெடையாது. இனிமே கூப்புடாத" என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ நாள், வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே ஓடிப்போய்க் கதவைத் தாழ்ப்பாள் போடுவேன். ரெபேக்காவைத் தனியாக எங்கேயும் அனுப்பவில்லை. யாரும் வரவில்லை. அந்த நாட்களில் எங்கள் வீட்டைச் சுற்றி யார் காவல் நின்றார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆலோசனை அலுவலகத்தில் ஒரு சீன இளைஞர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "மாதம் சாப்பாட்டுக்கு எவ்வளவு வேண்டும்?" அதுவரை எனக்குப் போன் போட்ட ஒருவரும் அதைக் கேட்டதில்லை. புதுக் கடன் வாங்கிப் பழைய கடனை அடைப்பது என் சம்பளத்துக்கு ஒத்துவராது என்று பொறுமையாக விளக்கினார். சர்ச்சுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று அவரே கேட்டுச் செலவில் சேர்த்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சில வாரங்களில் இரண்டு வங்கிகளும் ஒத்துக்கொண்டன. வட்டியைக் குறைத்தார்கள். இரண்டு கடனும் சேர்ந்து மாதம் ஒரே தவணை ஆனது, எங்களால் கட்டக்கூடிய தவணை. இரண்டு கிரெடிட் கார்டும் போய்விட்டன, போகட்டும். வசூல் போன்களும் நின்றன.

செங்கடல் பிளந்ததுபோல் என் கடன் ஒரே நாளில் காணாமல் போகவில்லை. இன்னும் சில வருஷம் கட்டவேண்டும், கட்டிக்கொண்டிருக்கிறோம். டேனியல் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் காவலாளி. புது ஏடிஎம் கார்டின் நம்பர் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். "இந்தத் தடவ மறந்துறமாட்டியே?" என்று சம்பள நாள்தோறும் கேட்டு என் மானத்தை வாங்குகிறார். வாங்கட்டும்.

என்னைப்போல் போனைத் துணிக்குள் ஒளித்துவைக்கிறவர்கள் நம் சபையிலும் இருக்கிறீர்கள். எனக்குத் தெரியும், இரண்டு பேர் என்னிடம் வந்து அழுதும் இருக்கிறீர்கள். வீட்டில் சொல்லுங்கள். அந்த அலுவலகத்துக்குப் போங்கள், கடனைத் தீர்த்துத் தருகிறேன் என்று முன்பணம் கேட்கிறவனிடம் போகாதீர்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், விடுமுறை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

முழங்காலில் நின்று கேட்கவும் கேளுங்கள். நான் அன்று கண்ணீரோடு கேட்ட எதையும் ஆண்டவர் தரவில்லை. பழக்கத்துக்குச் சொன்ன அந்தக் கடைசி வரியைத்தான் எடுத்துக்கொண்டார். இப்போதும் அந்த வரி வரும்போது நான் கொஞ்சம் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு, அர்த்தத்தோடு சொல்கிறேன். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.