கற்பூரத் தைலம் மணக்கும் சட்டை

அப்பா விசைத்தறிக் கூடத்திலிருந்து வந்ததும் அவர் தோளுக்குக் கற்பூரத் தைலம் தேய்த்துவிடுவது சின்ன வயதில் என் வேலை. அம்மா தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி, அடுப்பைவிட்டு இறக்கிய பிறகுதான் கற்பூரத்தைப் பொடித்துப் போடுவாள். தீப் பக்கத்தில் போட்டால் பற்றிக்கொள்ளும். ஆறியதும் பாட்டிலை இறுக மூடி பீரோவில் வைத்துவிடுவாள். தேய்த்தால் முதலில் ஜில்லென்று இருக்கும், பிறகு மெல்லச் சூடு ஏறும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் அழுத்துட்டி” என்பார். எனக்குச் சளி பிடித்தால் அதே தைலம் என் நெஞ்சுக்கு வரும். எங்கள் ஊர் சங்கரன்கோவில் என்றால் எனக்கு அந்த வாசனைதான் முதலில், கோயில்கூட அப்புறம்தான். சாமி கோபித்துக்கொள்ளாது.

என் பிரசவம் சென்னையிலேயே நடந்தது. தோள்வலியோடு அவ்வளவு தூரம் வர முடியாமல் அப்பா பேத்தியைப் போனில்தான் பார்த்தார். நான்காம் மாதம் ஊருக்குக் கிளம்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: கற்பூரம் கலந்த எதையும் கைக்குழந்தைக்குத் தேய்க்கக் கூடாது, பக்கத்திலும் வைக்கக் கூடாது, வலிப்புகூட வரலாம். அதை அப்படியே அப்பாவிடம் போனில் ஒப்பித்தேன்.

அன்றே தைலத்தை நிறுத்திவிட்டாராம். தலையணை உறை, போர்வை, துண்டு எல்லாம் துவைத்தாயிற்று. நாங்கள் போய் இறங்கியபோது, சீயக்காய் தேய்த்துக் குளித்து, இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அந்தச் சட்டை இத்தனை வருஷமும் தைல பாட்டிலோடு ஒரே பீரோவில் கிடந்தது. வீட்டில் இருவருக்கும் மூக்குப் பழகிப்போயிருந்தது. எனக்கு ஆட்டோவிலேயே தெரிந்துவிட்டது.

என் முகத்தைப் பார்த்து, “வாசம் வருதாட்டி?” என்றார்.

“வருதுப்பா.”

நீட்டிய கை இறங்கிவிட்டது. “சரி, நான் தள்ளி நின்னே பாத்துக்கிடுதேன்” என்று சுவரோரம் ஒதுங்கினார். எனக்குத் தாங்கவில்லை. பிள்ளையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

“பிள்ளைக்குத்தாம்ப்பா ஆகாது. எனக்கு ஆகும்” என்றேன். அழுகை வந்துவிட்டது.

மறுபடியும் குளித்தார். வெயிலில் காய்ந்த பனியனைக் கொடியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு பேத்தியை வாங்கியவர், அவள் தூங்கிய பிறகும் திருப்பித் தரவே இல்லை.

“தோள் வலிக்கும், குடுங்கப்பா.”

“வலிச்சா வலிக்கட்டும். வெறும் எண்ணெய் தேய்ச்சு விடத்தான் நீ வந்துட்டியேட்டி.”