முட்டை வைத்த ஃபிரிட்ஜ்

விருத்தாசலத்தில் எங்கள் அத்தை வீட்டு ஃபிரிட்ஜில் ஐஸ் வைக்கக் கூடாது, தண்ணீர் வைக்கக் கூடாது, மீந்த குழம்பை வைக்கவே கூடாது. அதில் அந்துப்பூச்சியின் முட்டைகள்தான் இருக்கும். லீவுக்குப் போன எனக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இருப்பதாகத் தோன்றவில்லை.

அத்தை முன்பு பீங்கான் ஷெட்டில் வேலை பார்த்தவர். "அந்தத் தூசு ஆளையே அரிச்சுடும், நீ வூட்டுலயே இரு" என்று மாமாதான் அதை விடச் செய்து, இந்தத் தொழிலைக் கற்றுவந்து வைத்துக்கொடுத்தார். பின்னறையில் பேசின் பேசினாகக் கம்பு நொய். அதில் பூச்சிகளை வளர்த்து, அவை இடும் முட்டைகளைச் சலித்து, பொரிக்காதபடி ஊதா விளக்கில் காட்டிக் குளிரில் சேர்த்துவைப்பார்கள். கரும்பில் புழு விழும் பருவத்தில் அவற்றை அட்டையில் ஒட்டி, கண்ணுக்கே சரியாகத் தெரியாத குளவிகளை அந்த முட்டைகளுக்குள் முட்டையிட விடுவார்கள். பெண்ணாடத்துப் பக்கத்து விவசாயிகள் அட்டையை வாங்கிப்போய்த் தோகையில் கட்டுவார்கள். குளவிகள் வெளிவந்து கரும்புப் புழுவின் முட்டைகளை ஒழித்துவிடும். மருந்தே அடிக்க வேண்டாம் என்று மாமாவுக்கு ஒரே பெருமை.

பூச்சி பறந்துவிடாதபடி பின்னறை ஜன்னல்கள் எப்போதும் சாத்தியே இருக்கும். அத்தை சலிக்கும்போது இறகுத்தூள் எழும்பி அவர் புருவமெல்லாம் வெள்ளிப்பொடி பூசியதுபோல மின்னும். எனக்கும் பூசிவிடச் சொல்லி அடம்பிடிப்பேன். "வேணாம் கண்ணு, அரிக்கும்" என்பார்.

அந்த வருஷம் அத்தைக்கு இருமல் வந்தது. சலித்துவிட்டு வந்து ஃபிரிட்ஜைத் திறந்து, அந்தக் குளிரில் முகத்தை நீட்டி மூச்சு வாங்குவார். மாமாவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

"எந்நேரமும் மூஞ்சில சில்லுனு வாங்குனா நெஞ்சுல சளி கட்டாம என்னா செய்யும்?"

அன்று முதல் ஃபிரிட்ஜைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அத்தைக்குக் கதகதப்பான பின்னறை. "கொஞ்ச நேரம் தொறந்துட்டு மூடிடறேங்க" என்று அத்தை கெஞ்சும்போது மாமாவுக்குக் கண் கலங்கும். சாவியை மட்டும் தரமாட்டார். பெண்டாட்டியை அப்படித் தாங்கிய மனிதரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

மூச்சுத்திணறல் முற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நானும் கூடப் போனேன். என்ன வேலை செய்கிறார் என்று டாக்டர் கேட்டார்.

"வேலைக்கெல்லாம் அனுப்பறதில்லீங்க. வூட்டுலதான் இருக்குது. ஃபிரிட்ஜு பக்கமே விடறதில்ல" என்றார் மாமா.

அத்தை வீடு திரும்பவில்லை.

காரியம் முடிந்த கையோடு மாமா ஃபிரிட்ஜைத் தெருவுக்கு இழுத்துவந்து பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிட்டார். எனக்கும் ஆத்திரம் தாங்கவில்லை, ஓங்கி ஓர் உதை விட்டேன். பூச்சிகளை மட்டும் அவர் விடவில்லை. அத்தை பார்த்த தொழிலாயிற்றே. சேர்த்துவைக்க வழியில்லாததால் முட்டைகளை அன்றன்றே பஸ்ஸில் பெண்ணாடத்துக்கு, அங்கே அட்டை தயாரிக்கும் ஒருவருக்குக் கொடுத்தனுப்பினார்.

அடுத்த லீவுக்குப் போனபோது, ஜன்னல் சாத்திய பின்னறையில் மாமா உட்கார்ந்து சலித்துக்கொண்டிருந்தார். நடுநடுவே இருமினார். ஃபிரிட்ஜ்தான் போய்விட்டதே, இவருக்கு எங்கிருந்து குளிர் பட்டது என்று எனக்குப் புரியவே இல்லை.